ஈரச் சேறும் காய்ந்த சேறும்

இரத்தினபுரியில் உள்ள அந்த மண் பரிசோதனைக் கூடத்துக்குக் கடலோரத்துச் சேறு வருவது அபூர்வம். தேயிலை மண் வரும், ரப்பர் மண் வரும், சில வேளை மாணிக்கக் குழி தோண்டிவிட்டுப் போன நிலத்து மண்ணும் வரும். அதனால் புத்தளத்துக் கடற்கழியான களப்பின் ஓரத்திலிருந்து ஐஸ் பெட்டிக்குள் சாம்பல் நிறச் சேறு வந்து இறங்கிய அன்று, வேலை செய்கிறவர்கள் எல்லாரும் ஒருமுறை எட்டிப் பார்த்தார்கள். பார்த்த வேகத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார்கள். அழுகிய முட்டை நாற்றம். விஜயகலா மட்டும் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று, பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினாள். அந்த நாற்றம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

அவள் எனக்கு அடுத்த காம்பராக்காரி, ஒரு சுவர்தான் இடையில். புளத்கொகுபிட்டியவுக்கு மேலே இருக்கிற ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில், ஒரே லயத்தில் வளர்ந்தோம். அவளுடைய அம்மா அழகம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். அப்பா செல்லையா பெக்டரியில், வந்த பாலை உறைய வைக்கும் தொட்டியில் வேலை பார்த்தார். பாலில் எசிட் கலந்தால்தான் ரப்பர் உறையும். உறைந்தது போக மிஞ்சிய புளித்த தண்ணீர் லயத்துக்குக் கீழே ஒரு பெரிய குழியில் போய்த் தேங்கும். மழை விட்டு நாலு நாள் வெயில் அடித்தால் போதும், குழியிலிருந்து முட்டை நாற்றம் கிளம்பி வந்து சோற்றுக் கோப்பை வரைக்கும் நிற்கும். நாங்களெல்லாம் அதைத் திட்டிவிட்டுச் சாப்பிடுவோம். பாலிலும் முட்டை இல்லை, எசிட்டிலும் முட்டை இல்லை, பிறகு ஏன் முட்டை நாறுகிறது என்று கேட்டவள் விஜயகலா ஒருத்திதான். பதில் சொல்ல எங்கள் லயத்தில் ஆள் இல்லை.

உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க வேண்டும் என்று அவள் நின்றபோது, எங்கள் பக்கத்தில் அதைத் தமிழில் சொல்லிக்கொடுக்கும் பாடசாலை எட்டுகிற தூரத்தில் இல்லை. நாங்கள் கலைப்பிரிவுக்குப் போனோம். அவள் டவுனில் இருந்த சிங்களப் பாடசாலையில் போய்ச் சேர்ந்தாள். சிங்களம் பேச எங்கள் எல்லாருக்கும் வரும். கடையில், பஸ்ஸில், ஆஸ்பத்திரியில் அதுதான் பேச்சு. இரசாயனவியலைச் சிங்களத்தில் எழுதிப் பரீட்சை செய்வது வேறு விஷயம். முதல் மாதம் அவள் வாயே திறக்கவில்லையாம். ஒருநாள் ஆசிரியை கரும்பலகையில் ‘கெந்தகம்’ என்று எழுதியதும் சிரித்துவிட்டாள். ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டதற்கு, இது எங்கள் வீட்டுச் சொல், நாங்கள் கந்தகம் என்போம் என்றாள். அன்று பாடம் முடிந்த பிறகு அந்த ஆசிரியையிடமே குழி நாற்றத்தைப் பற்றிக் கேட்டாள். காற்றுப் போகாத தண்ணீருக்கு அடியில் வாழும் நுண்ணுயிர்கள், தண்ணீரில் கரைந்துள்ள கந்தகச் சேர்மங்களை மாற்றி அந்த வாயுவாக வெளியே விடுகின்றன என்று ஆசிரியை விளக்கினார். வீட்டுக்கு வந்து அதை அவள் எங்களுக்குச் சொன்ன விதம் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. யாரோ காணாமல் போன ஆளைக் கண்டுபிடித்த மாதிரி சொன்னாள்.

பல்கலைக்கழகத்துக்கு வெட்டுப்புள்ளி கொஞ்சத்தில் தவறிவிட்டது. அவள் இடிந்து உட்காரவில்லை. ஆய்வுகூடத் தொழில்நுட்பத்தில் டிப்ளோமா படித்தாள், போட்டிப் பரீட்சை எழுதினாள், இரத்தினபுரிக் கூடத்தில் தொழில்நுட்ப அலுவலராகச் சேர்ந்தாள். வாரநாளில் அங்கே போர்டிங், வெள்ளிக்கிழமை பின்னேரம் அவிசாவளை வழியாக வீடு. எங்கள் தோட்டத்திலிருந்து அப்படியொரு வேலைக்குப் போனது அவள்தான் முதல்.

களப்புச் சேற்றை அனுப்பியது ஒரு தொண்டு நிறுவனம். களப்போரத்தில் கைவிடப்பட்ட இறால் பண்ணை ஒன்றில் மறுபடி கண்டல் காடு வளர்ப்பது அவர்கள் திட்டம். கண்டல் என்பது உப்புத் தண்ணீரிலும் சேற்றிலும் வேரூன்றி நிற்கும் மரம். சிங்களத்தில் கடொல் என்பார்கள். மீனும் நண்டும் குஞ்சு பொரித்து வளர அதன் வேர்க்காடுதான் இடம். பண்ணைக்காக அந்த இடத்துக் கண்டலை முன்னொரு காலத்தில் வெட்டியிருந்தார்கள். இறாலுக்கு நோய் வந்து பண்ணை படுத்துவிட்டது. பண்ணைக்காரர் மக்கீன், சும்மா கிடக்கிற குளம்தானே என்று நிலத்தைத் திட்டத்துக்குக் கொடுத்தார். குளத்தின் அடியிலிருந்து சேறு எடுத்து அனுப்பியவர் நிறுவனத்தின் களப் பொறுப்பாளர் ஷிஹாப்.

அவர்கள் கேட்ட கேள்வி சின்னது. இந்தச் சேற்றில் கண்டல் வளருமா? விஜயகலா ஈரச் சேற்றைச் சோதித்தாள். மண்ணின் புளிப்பை அளக்கும் கணக்கில் ஏழு என்றால் நடுநிலை. அதற்குக் கீழே ஒவ்வொரு படி இறங்கும்போதும் புளிப்பு பத்து மடங்கு கூடும். இந்தச் சேறு ஏழுக்குக் கிட்ட நின்றது. உப்பு கண்டல் தாங்கக்கூடிய அளவு. சத்தும் இருந்தது. நல்ல மண் என்று அறிக்கை தயாரித்தாள். கூடத்தின் தலைவி சுமித்ரா பலாங்கொடையைச் சேர்ந்த சிங்களப் பெண்மணி, மண் விஞ்ஞானத்தில் பட்டம் பெற்றவர். அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்து வைத்தார். மிஞ்சிய சேற்றைக் கூடத்து வழக்கப்படி ஒரு தட்டில் பரப்பி, ஜன்னலோரத்தில் காய வைத்தார்கள்.

அங்கே களப்போரத்தில் அறிக்கை போனதும் வேலை தொடங்கியது. குளத்துத் தண்ணீரை இறைத்து வெளியேற்றினார்கள். கன்று மூழ்கிப்போகாமல் இருக்க, அடிச்சேற்றை வாரி மேடு மேடாகக் கட்டினார்கள். பேனர் கட்டி, பாடசாலைப் பிள்ளைகளை வரவழைத்து விழா வைத்தார்கள். மேடுகளில் கண்டல் கன்றுகள் நடப்பட்டன. அந்தப் படம் இரத்தினபுரிக்கும் வந்தது. விஜயகலா அதைப் போனில் எல்லாருக்கும் காட்டினாள், எனக்கும்தான்.

சில மாதம் கழித்து ஷிஹாப் அழைத்தார். இலைகள் மஞ்சளடித்து உதிர்கின்றன, வேர் முனைகள் கருகியிருக்கின்றன, முக்கால்வாசிக் கன்று போய்விட்டது என்றார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஊரில் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. நிலத்தை உப்பளத்துக்குக் கொடுக்க மக்கீனுக்கு இப்போது ஆசை வந்துவிட்டதாம், அதற்காகப் பண்ணைக் காலத்து மருந்தை எடுத்துக் குளத்தில் ஊற்றிவிட்டாராம். ஆய்வுகூடமே நல்ல மண் என்று சொன்ன இடத்தில் கன்று ஏன் சாக வேண்டும்? பள்ளிவாசலில் அவருக்குப் பக்கத்தில் உட்கார ஆட்கள் தயங்கினார்கள் என்று ஷிஹாப் சொன்னார். செத்த கன்றடி மண்ணை அனுப்புகிறேன், அதில் நஞ்சு இருக்கிறதா பார்த்துச் சொல்லுங்கள் மிஸ் என்று கேட்டுவிட்டு வைத்தார்.

விஜயகலாவுக்கு ஜன்னலோரத் தட்டு ஞாபகம் வந்தது. போய்ப் பார்த்தாள். சாம்பல் நிறமாக வந்த சேறு வெடித்துக் காய்ந்திருந்தது. வெடிப்புகளின் ஓரத்தில் வைக்கோல் போல வெளிர் மஞ்சள் கோடுகள். முட்டை நாற்றம் சுத்தமாக இல்லை. ஒரு கட்டியை எடுத்துத் தண்ணீரில் கரைத்து அளந்தாள். மூன்றுக்கும் கீழே காட்டியது. கருவியைக் கழுவித் துடைத்து, மறுபடி சரிபார்த்து, வேறொரு கட்டியை அளந்தாள். அதே அளவு. அந்தத் தட்டில் யாரும் எந்த மருந்தும் ஊற்றவில்லை. காற்றைத் தவிர வேறெதுவும் அதைத் தொடவில்லை.

நடந்தது என்ன என்று அவளுக்கு அங்கேயே விளங்கிவிட்டது. கண்டல் சேறு தண்ணீருக்கு அடியில், காற்றுப் படாமல் கிடக்கும். கடல் தண்ணீரில் உள்ள கந்தகமும் சேற்றில் உள்ள இரும்பும் அங்கே ஒன்றாகச் சேர்ந்து, மிக நுண்ணிய பொடியாக உறைந்து நிற்கும். ஈரம் இருக்கும்வரை அதனால் ஒரு கெடுதலும் இல்லை. தண்ணீரை வடித்து, சேற்றை வாரி வெயிலில் குவித்தால், காற்று உள்ளே போகும். பொடி கந்தக அமிலமாக மாறும். அமிலம் மண்ணில் உள்ள அலுமினியத்தைக் கரைத்துவிடும். அது வேரைக் கருக்கும். கன்று நிற்பதற்கென்று கட்டிய மேடுதான் கன்றைக் கொன்றிருக்கிறது.

சுமித்ராவிடம் தட்டோடு போனாள். சுமித்ரா ஒரு கட்டியை எடுத்து அந்த மஞ்சள் கோடுகளை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். இது புத்தகத்தில் உள்ள விஷயம்தான், நம் வேலை முழுக்கத் தேயிலை மண்ணோடு என்பதால் மனம் அந்தப் பக்கம் போகவில்லை என்றார். அறிக்கையில் பிழை இல்லை, கேட்டதற்குப் பதில் சொன்னோம், தண்ணீரை வடிக்கப் போவதாக அவர்கள் நமக்குச் சொல்லவே இல்லை என்பதையும் சொன்னார். அது உண்மை. விஜயகலா அதை மறுக்கவில்லை. பெட்டியைத் திறந்த அன்றே அந்த நாற்றத்தை அடையாளம் கண்டேன், அதற்கு அர்த்தம் கந்தகம் என்று எனக்குத் தெரியும், அறிக்கையில் ஒரு வரி எழுதவில்லை என்று மட்டும் சொன்னாள்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் வீட்டுக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். செல்லையா ஐயா மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன விஷயம் என்று கேட்டார். மக்கீன் மேல் விழுந்த பழி வரை அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

“அப்ப நீ எழுதிக் குடுத்தது தப்பா?” என்றார் அவர்.

“தப்பு இல்லப்பா. ஆனா பத்தாது.”

“அப்ப மிச்சத்தப் போயி சொல்லிட்டு வா. அந்த மனுசன் அங்க தலையக் குனிஞ்சிக்கிட்டு இருப்பாரு.”

நிறுவனத்தின் கொழும்பு அலுவலகம் வேறு நினைத்தது. விஷயத்தைப் பெரிதுபடுத்த வேண்டாம், புதுக் கன்று கொண்டுவந்து மறுபடி நடுவோம், ஆய்வுகூடம் திருத்தத்தை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பினால் போதும் என்றார்கள். புதுக் கன்றும் சாகும் என்று விஜயகலா பதில் எழுதினாள். ஊருக்கு வந்து நேரில் சொல்ல அனுமதி கேட்டாள். சுமித்ரா அவர்களோடு போனில் பேசி, கூடத்து வேனை ஏற்பாடு செய்து, தானும் கூட வந்தார். ஊர் முழுக்கத் தமிழ் பேசும் முஸ்லிம் ஜனம். அதனால் பேச வேண்டியது நீதான் என்று வழியிலேயே சொல்லிவிட்டார். விஜயகலா கூட்டத்தில் பேசிப் பழகியவள் அல்ல. சிலாபம் தாண்டும்வரை பேச வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன் என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

மீனவர் சங்கக் கட்டிடத்தில் கூட்டம். மக்கீன் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அறுபது தாண்டிய ஒல்லியான மனிதர். விஜயகலா தன் பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டு, இந்தச் சேறு நல்லது என்று எழுதியது நான்தான் என்று ஆரம்பித்தாள். பிறகு இரண்டு வெள்ளைக் கோப்பைகளை மேசையில் வைத்தாள். ஒன்றில், அன்று காலை ஷிஹாப் உயிரோடு நிற்கும் கண்டலடியிலிருந்து எடுத்துவந்த ஈரச் சேறு. அதில், புளிப்புப் பட்டால் நிறம் மாறும் காகிதத் துண்டை நனைத்துக் காட்டினாள். பச்சையாக நின்றது, அதாவது புளிப்பு இல்லை. மற்றதில் அதே சேற்றில் கொஞ்சம் எடுத்து, போத்தலில் கொண்டுவந்த பெரொக்சைட்டை விட்டாள். வெயிலும் காற்றும் மாதக்கணக்கில் செய்வதை இது இங்கேயே செய்து காட்டும் என்றாள். சேறு முதலில் சும்மா கிடந்தது. பின்னால் கொப்பளித்தது. நுரைத்துப் பொங்கி, ஆவி விட்டு, கோப்பை விளிம்பைத் தாண்டி வழிந்தது. முன்வரிசைக்காரர்கள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்கள். ஆறியதும் காகிதத்தை நனைத்தாள். சிவந்துபோனது. தேசிக்காய், அதாவது எலுமிச்சைப் புளியின் அளவு என்றாள்.

கடைசி வரிசையிலிருந்து மக்கீன் எழுந்தார்.

“தங்கச்சி, நீங்க சொல்றபடி பாத்தா, நான் குளத்துல ஒண்டும் ஊத்தல்ல.”

“நீங்க ஒண்ணுமே ஊத்தல நானா. அது சேத்துக்குள்ளயே இருந்திச்சு. வெளிய எடுத்து வெயில்ல போட்டது நாங்க,” என்றாள், அந்த ஊர் வழக்கப்படி அவரை அண்ணன் முறையில் அழைத்து.

மக்கீன் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கதவுக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர் நகர்ந்துவந்து அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்ததை விஜயகலா பார்த்தாள்.

பிறகு கேள்விகள் வந்தன. பண்ணை வெட்டியபோதும் இதையேதான் செய்தோமா, இறால் செத்ததும் இதனாலா என்று மக்கீன் கேட்டார். குளத்தைச் சுற்றி அணைக்கட்டில் குவித்த சேற்றிலிருந்து மழைக்கு அமிலம் வடிந்திருக்கலாம், ஆனால் இறாலுக்கு வந்தது ஒரு நோய், இரண்டுக்கும் எவ்வளவு தொடர்பு என்று எனக்குத் தெரியாது என்றாள். சுண்ணாம்பு போட்டுச் சரிசெய்ய முடியாதா என்று நிறுவனத்து அதிகாரி சிங்களத்தில் கேட்டார். சுமித்ரா எழுந்து, தோட்டத்து மேல்மண்ணுக்கு அது சரிவரும், இந்த ஆழத்துச் சேற்றுக்கு லொறி லொறியாகக் கொட்டினாலும் தீராது என்று விளக்கினார். அப்படியானால் வழி? அணையைத் திறந்து களப்புத் தண்ணீரை உள்ளே விட வேண்டும், மேடுகளைச் சரித்து மறுபடி தண்ணீருக்குள் தள்ள வேண்டும், அப்புறம் எதுவும் நடாமல் காத்திருக்க வேண்டும் என்றாள் விஜயகலா.

நிறுவனத்துக்கு அது பிடிக்கவில்லை. நடாமல் இருப்பதற்கு விழா வைக்க முடியாது. வருட இறுதிக்குள் இத்தனை கன்று என்று அவர்கள் பணம் கொடுத்தவர்களிடம் ஒப்புக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நாளில் வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள். அணை மக்கீனுடையது. அவர் சரி என்றார். ஷிஹாப் அந்த ஊர்க்காரர் என்பதால், நிறுவனம் போன பிறகும் கூட நின்றார்.

அணையில் போட்ட முதல் வெட்டு நன்றாகப் போகவில்லை. அகலமாக வெட்டினால் குளத்தில் தேங்கிய அமிலம் ஒரேயடியாகக் களப்பில் பாய்ந்து மீனைக் கொல்லும், சின்னதாகத் திறக்க வேண்டும் என்று விஜயகலா சொல்லியிருந்தாள். அப்படியே வெட்டினார்கள். ஆனால் அன்றைக்குப் பெய்த மழையில் வெட்டு இடிந்து அகலமாகிவிட்டது. துரு நிறத் தண்ணீர் களப்புக்குப் போகும் பக்கத்து ஓடைக்குள் பாய்ந்தது. விடிந்தபோது சின்ன மீன்கள் மிதந்தன. மீனவர்கள் கோபத்தோடு ஷிஹாப் வீட்டுக்கு வந்தார்கள். அவர் அழைத்ததும் விஜயகலா லீவு போட்டு அடுத்த பஸ்ஸில் கிளம்பிப் போனாள். ஓடைக்கரையில் நின்று அத்தனை ஏச்சையும் கேட்டாள். மழையைக் காரணம் காட்டவில்லை. வெட்டின் இருபுறமும் மணல்மூட்டை அடுக்காமல் விட்டது என் யோசனைக் குறைவு என்று ஒத்துக்கொண்டாள். ஏசினவர்களில் சிலர் அன்று பின்னேரமே மணல்மூட்டை தூக்க வந்தார்கள். முழங்கால் சேற்றில் அவர்களோடு நின்று அவளும் மூட்டை கைமாற்றினாள். வெட்டைக் குறுக்கி, கடல் ஏற்றத்தில் தண்ணீர் உள்ளே போகவும் இறக்கத்தில் கொஞ்சமாக வெளியே வரவும் வைத்தார்கள்.

அதன் பிறகு செய்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, காத்திருப்பதுதான் வேலை. பெருநாள் லீவு, பௌர்ணமிக்கு வரும் போயா லீவு என்று கிடைத்தபோதெல்லாம் அவள் களப்புக்குப் போனாள். மக்கீன் வீட்டில் தங்கினாள். இரத்தினபுரியிலிருந்து புத்தளம் போகும் பஸ் பயணம் இடுப்பை ஒடிக்கும், வீட்டுக்குக்கூட வராமல் அங்கே என்ன பார்க்கிறாய் என்று நான் கேட்டிருக்கிறேன். தண்ணீரின் நிறத்தைப் பார்க்கிறேன் என்றாள். துரு நிறம் மெல்ல மெல்ல வெளுத்தது. அளவு மூன்றிலிருந்து நாலு, நாலிலிருந்து ஐந்து என்று ஏறியது. சேற்றில் நண்டுப் பொந்துகள் தெரிந்தன. ஒருநாள் மக்கீன் அவளைக் கூப்பிட்டு, காலால் சேற்றைக் கிளறி மோந்து பார்க்கச் சொன்னாராம். முட்டை நாற்றம் திரும்பி வந்திருந்தது; சேறு மறுபடி காற்றுப் படாமல் கிடக்கிறது என்று அதற்கு அர்த்தம். இரண்டு பேரும் அதற்காகச் சந்தோஷப்பட்டதைப் பார்த்து வீட்டார் சிரித்தார்கள் என்றாள்.

அடுத்த வருட மழைக்குப் பிறகு, பக்கத்து ஓடையில் நிற்கும் கண்டல்களின் காய்கள், முருங்கைக்காய் போல் நீண்டவை, தண்ணீரோடு மிதந்து உள்ளே வந்தன. சில சேற்றில் குத்திட்டு நின்றன. நின்றவற்றில் பாதி இலை விட்டன. குளம் முழுக்கப் பச்சையாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மேடு உயரமாக இருந்த வடக்கு மூலை இன்னும் பெரும்பாலும் மொட்டையாகத்தான் கிடக்கிறது, அங்கே மஞ்சள் பூத்த மண்தான். விஜயகலா அந்த மூலையைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறாள்.

இரத்தினபுரிக் கூடத்தில் இப்போது ஒரு வழக்கம் வந்திருக்கிறது. தண்ணீருக்கு அடியிலிருந்து எடுத்த சேறு எங்கிருந்து வந்தாலும் இரண்டு முறை சோதிக்கிறார்கள்: வந்தபடி ஒருமுறை, காய்ந்த பிறகு ஒருமுறை. இந்த நிலத்தை என்ன செய்யப் போகிறீர்கள் என்று முதலில் கேட்கிறார்கள். சுமித்ரா அந்தச் சம்பவத்தைப் பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்கு விஜயகலாவையே சொல்லவைக்கிறார். அவளும் எதையும் மறைக்காமல், மிதந்த மீன் உட்பட, சொல்கிறாள்.

போன சித்திரை லீவுக்கு அவள் அப்பா அம்மாவோடு களப்புக்குப் போனாள்; என்னையும் அழைத்துப் போனாள். மக்கீன் வள்ளத்தில் எங்களை ஏற்றிக் குளத்துக்குள் கொண்டுபோனார். அழகம்மா வாழ்நாள் முழுக்கக் கோடு போட்டு நட்ட ரப்பர் மரங்களுக்கு நடுவில் நடந்தவர். இடுப்புயரக் கண்டல்கள் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கூட்டமாக நிற்பதை வெகுநேரம் பார்த்தார்.

“வரிசையே இல்லியே. யாரு நட்டது?”

“யாரும் நடலம்மா,” என்றாள் விஜயகலா. “தண்ணியில வந்திச்சு.”

அழகம்மா வள்ளத்திலிருந்து எட்டி ஒரு கன்றின் இலையைத் தொட்டுப் பார்த்தார். விரலை நாக்கில் வைத்து, உப்புக் கரிக்கிறது என்றார். மக்கீன் துடுப்பைத் தண்ணீரில் ஊன்றி, வள்ளத்தை வடக்கு மூலைப் பக்கம் திருப்பினார். இந்த வாரம் அங்கே புதிதாக இரண்டு கன்று தெரிகிறது, சேற்றை அளந்து பார்க்க வேண்டும் என்று விஜயகலா பையிலிருந்து கருவியை எடுத்துக்கொண்டிருந்தாள்.